மூலகொத்தளத்து மண்ணும் மாணவர் போராட்டமும்

வடசென்னை வரலாற்றுத் தொடர்

தமிழ்நாட்டு மாணவர் அரசியலின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மெரினா கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழகக் கட்டடங்கள் ஆகியவற்றிலிருந்தும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மதுரைத் தியாகராசர் கல்லூரி ஆகியவற்றின் வளாகங்களிலிருந்தும் அதைத் தொடங்குவது வழக்கம். அந்தத் தொடக்கம் தவறன்று. ஆனால் அது பாதி வரலாறு மட்டுமே. முழக்கங்கள் அந்த வளாகங்களில் எழுந்திருக்கலாம். அவற்றுக்காக உயிரிழந்தவர்களுள் காலத்தால் முந்தியவர்கள் ராயபுரத்தை ஒட்டிய மூலகொத்தளம் இடுகாட்டில்தான் கிடத்தப்பட்டனர். 1939இல் நடராசனும் தாளமுத்துவும் அங்கே அடக்கம் செய்யப்பட்டனர். 70 ஆண்டுகளுக்குப் பின், 2009இல், முத்துக்குமாரின் உடலும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. இம்மூவருள் ஒருவரும் மாணவர் அல்லர் என்பதும், மூவரின் இறப்பும் மாணவர்களைத் தெருவுக்கு அழைத்து வந்தது என்பதும் சேர்த்து எண்ணிப் பார்க்கத்தக்கவை.

பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளரிடையே 1918இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றி இத்தொடரின் முந்தைய பகுதி பேசியது. அதே தெருக்களில் மாணவர் போராட்டம் எவ்வாறு வேர்பிடித்தது, கல்லூரி வாயிலும் தொழிலாளர் குடியிருப்பும் எப்போது இணைந்தன, எப்போது பிரிந்தன என்பதை இப்பகுதி ஆராய்கிறது.

சிறையும் கல்லூரியும் ஒரே சாலையில்

சென்னைத் துறைமுகத்துக்கு மேற்கே, பழைய கறுப்பர் நகரத்தின் மதிற்சுவர் ஓடிய பாதையையொட்டி, பழைய ஜெயில் சாலை செல்கிறது. ஐதர் அலியுடனான போர்க்காலத்தில், 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கப்பட்ட மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்து இச்சாலையில் நிற்கும் மருத்துவமனையை வடசென்னை மக்கள் நெடுங்காலம் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைத்தனர். அதனோடு இணைந்திருந்த ராயபுரம் மருத்துவப் பள்ளி, ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் தாங்கி, 1938இல் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. பழைய சிறை நின்ற வளாகத்தில் 1964இல் பாரதி மகளிர் கல்லூரி எழுந்தது. நீதிக்கட்சியை நிறுவிய தலைவர்களுள் ஒருவரான பிட்டி தியாகராயரின் பெயரில் 1950இல் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. இன்று மெட்ரோ ரயில் நிலையம் ஒன்றும் அக்கல்லூரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தெற்கே, உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி, துறைமுகத்திலிருந்து நடந்து சென்றுவிடக்கூடிய தொலைவில், 1891இல் தொடங்கிய சட்டக் கல்லூரி இயங்கிவந்தது.

இக்கல்வி நிலையங்களைச் சுற்றிலும் ராயபுரம் ரயில் முனையம், காசிமேட்டு மீனவர் குப்பங்கள், துறைமுகச் சுமைதூக்குவோர் குடியிருப்புகள், வடக்கே திருவொற்றியூர் விம்கோ தீப்பெட்டி ஆலை, பின்னாளில் எண்ணூர் அசோக் லேலண்ட், திருவொற்றியூர் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். எனத் தொழிற்கூடங்களும் உழைப்பாளர் வாழ்விடங்களும் நெருங்கி அமைந்தன. பிற நகரங்களில் பல்கலைக்கழக வளாகம் ஊரிலிருந்து ஒதுங்கி, மதில் சூழ்ந்த தனி உலகமாக இருப்பதுண்டு. வடசென்னையில் அவ்வாறு ஒதுங்க இடமில்லை. கல்லூரி வாயிலைவிட்டு வெளியே வந்த மாணவர் அடுத்த அடியிலேயே கைவண்டி இழுப்பவரோடும் ஆலைத் தொழிலாளியோடும் தோள் உரசி நடக்க வேண்டியிருந்தது.

தங்கசாலைத் தெருவின் மறியல்

சென்னை மாகாணத்தில் 1937இல் பதவியேற்ற காங்கிரஸ் அமைச்சரவையின் தலைவர் சி. ராஜகோபாலாச்சாரியார் (அக்காலத்தில் மாகாண முதலமைச்சரைப் 'பிரதமர்' என்றே அழைத்தனர்), 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கும் ஆணையைப் பிறப்பித்தார். இதை எதிர்த்து நடந்த முதல் மொழிப்போரின் களங்களுள் முதன்மையானது, ஜார்ஜ் டவுன் தங்கசாலைத் தெருவில் இருந்த இந்து தியலாஜிகல் உயர்நிலைப் பள்ளி. அதன் வாயிலில் நாள்தோறும் தொண்டர்கள் மறியல் செய்தனர். மறியல் என்பது வன்முறையில் இறங்காமல் ஓரிடத்தின் வாயிலில் நின்று, உள்ளே செல்வோரைத் தடுத்தும் வேண்டியும் எதிர்ப்பைத் தெரிவிக்கும் முறை. குற்றவியல் திருத்தச் சட்டத்தின்கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். 1938 நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டை அடுத்து, மருத்துவர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உள்ளிட்ட பெண்கள் இதே பள்ளியின் முன் மறியல் செய்து கைதாயினர். கைக்குழந்தைகளோடு சிறை புகுந்த தாய்மாரும் இருந்தனர்.

பள்ளி வாயிலே போராட்டக் களமாகத் தெரிவு செய்யப்பட்டதில் ஆழ்ந்த பொருள் உண்டு. ஆணையால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். ஆனால் வாயிலில் நின்றவர்களுள் பலர் அப்பள்ளியின் படியை மிதிக்கும் வாய்ப்பே பெறாதவர்கள். பட்டியல் சமூகத்தில் பிறந்த சென்னை இளைஞர் நடராசன் 1938 டிசம்பரில் கைதாகி, சிறையில் நோயுற்று, மருத்துவமனையில் 1939 ஜனவரி 15 அன்று இறந்தார். கும்பகோணத்திலிருந்து வந்து மறியலில் ஈடுபட்ட தாளமுத்துவும் அவ்வாறே சிறைப்பட்டு, அதே ஆண்டு மார்ச்சில் உயிர் நீத்தார். மறியல் நடந்த தங்கசாலைத் தெருவிலிருந்து மூலகொத்தளம் நடை தொலைவுதான். நடராசனின் இறுதி ஊர்வலம் வடசென்னைத் தெருக்களின் வழியே பெருந்திரளோடு சென்றது. இடுகாட்டில் அண்ணாதுரை இரங்கல் உரையாற்றினார். எழுத்தறிவும் பள்ளிக் கல்வியும் மறுக்கப்பட்டுவந்த ஒரு சமூகத்திலிருந்து வந்தவர், பள்ளிப் பிள்ளைகள் எம்மொழியைக் கற்பது என்ற கேள்விக்காகச் சிறையில் உயிரிழந்தார் என்பது, கல்வியைப் பற்றிய வழக்கு கற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று என்ற உணர்வை இப்பகுதியில் நிலைநாட்டியது. காங்கிரஸ் அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகிய பின், 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இதே போராட்டம் மாணவர்களையும் அரசியலுக்குள் இழுத்தது. திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி ஊர்வலம் நடத்தியதும், கையெழுத்து ஏடு தொடங்கியதும், பின்னர் மாணவர் மன்றம் அமைத்ததும் இக்காலத்தை ஒட்டிய நிகழ்வுகளே. 1940களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இரா. நெடுஞ்செழியன், க. அன்பழகன் முதலியோர் திராவிட இயக்க மேடைகளுக்கு வந்து சேர்ந்தனர். அந்தப் பட்டதாரிகளின் செந்தமிழ்ப் பேச்சைக் கேட்கத் திரண்ட கூட்டத்தில் தொழிலாளரும் வண்டிக்காரரும் கணிசமாக இருந்தனர். 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் தன் தொடக்கப் பொதுக்கூட்டத்தை ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் நடத்தியது இந்தத் தொடர்ச்சியின் விளைவாகும். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வடசென்னைத் தெருமுனைகளில் பெருகிய படிப்பகங்களும், நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்ட தேநீர்க் கடைகளும், முடிதிருத்தகங்களும், கல்லூரியில் பேசப்பட்ட அரசியலைக் கல்லூரி காணாதவர்களுக்கும் உரியதாக்கின.

1965: கோட்டை நோக்கிய ஊர்வலம்

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக, அதாவது அரசு அலுவல்கள் நடைபெறும் மொழியாக, அறிவித்து, ஆங்கிலம் 15 ஆண்டுகளுக்குத் தொடர இடமளித்திருந்தது. அந்தக் கெடு 1965 ஜனவரி 26 அன்று முடிவடையவிருந்தது. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் அதன் பின்னும் தொடரும் என்று உறுதி கூறாமல், தொடரலாம் என்று மட்டுமே சொன்னதால், நடுவண் அரசுப் பணித் தேர்வுகளை எதிர்நோக்கியிருந்த பட்டதாரி மாணவர்களிடையே அச்சமும் சினமும் மூண்டன. 1965 ஜனவரியில் தமிழகமெங்கும் உள்ள கல்லூரிகளின் மாணவர் அமைப்புகள் ஒன்றிணைந்து இந்தி எதிர்ப்புப் போராட்டக் குழுவை அமைத்தன. பெ. சீனிவாசன், ரவிச்சந்திரன், எல். கணேசன், கா. காளிமுத்து, நா. காமராசன், துரைமுருகன் முதலியோர் அதில் முன்னின்றனர்.

ஜனவரி 25 அன்று சென்னையின் கல்லூரிகளிலிருந்து புறப்பட்ட மாணவர்கள் நேப்பியர் பூங்காவிலிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் உள்ள தலைமைச் செயலகத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். அவர்களின் எண்ணிக்கை சுமார் 50,000 என மதிப்பிடப்படுகிறது. முதலமைச்சர் எம். பக்தவத்சலத்திடம் மனு அளிக்க அவர்கள் மேற்கொண்ட முயற்சி பயனளிக்கவில்லை. அதே நாளில் மதுரையில் மாணவர் ஊர்வலம் வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகத்தருகே தாக்கப்பட்டதையடுத்துக் கலவரம் பரவியது. ஜனவரி 26ஐத் துக்க நாளாகக் கடைப்பிடிக்க அழைப்பு விடுத்திருந்த அண்ணாதுரையும் தி.மு.க.வினர் ஆயிரக்கணக்கானோரும் முன்னெச்சரிக்கையாகச் சிறைப்படுத்தப்பட்டனர். கட்சித் தலைமை சிறைக்குள் இருந்த அந்த வாரங்களில் போராட்டத்தைத் தாங்கியவர்கள் மாணவர்களே; எந்தக் கட்சியின் ஆணைக்கும் காத்திராமல் மாணவர் அமைப்பு தானே முடிவெடுத்து இயங்கியது இதன் தனிச்சிறப்பு.

ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். சென்னையில் கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தம்மை மாய்த்துக்கொண்டனர். இருவரும் மாணவர் அல்லர். அவர்களுக்கு ஓராண்டு முன்னரே திருச்சியில் உயிர் நீத்த கீழப்பழுவூர் சின்னசாமியும் எளிய குடும்பத்தைச் சேர்ந்தவர். இத்தகைய இறப்புகளை நன்றியோடு நினைவுகூர்வதும், அவற்றைப் பின்பற்றத்தக்க வழியாக இளையோர் முன் வைப்பதும் ஒன்றல்ல என்பதை வரலாற்றை எழுதுவோர் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வாழ்ந்து போராடியிருக்க வேண்டிய இளைஞர்களை இழந்தது எந்தக் கொள்கைக்கும் ஆதாயமாகாது.

பிப்ரவரியின் இரண்டாம் வாரத்தில் போராட்டம் கல்லூரிகளின் எல்லையைக் கடந்தது. அரிசித் தட்டுப்பாட்டாலும் விலையேற்றத்தாலும் ஏற்கெனவே துன்புற்றிருந்த நகர்ப்புற உழைப்பாளர்களும் வேலையற்ற இளைஞர்களும் தெருவுக்கு வந்தனர், ரயில்கள் நிறுத்தப்பட்டன, அஞ்சலகங்கள் தாக்கப்பட்டன, பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது, திருப்பூரில் காவல்துறையினரும் கொல்லப்பட்டனர். அரசுக் கணக்கின்படி சுமார் 70 பேர் இறந்தனர். உண்மை எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு என்பது போராட்டத் தரப்பின் கூற்று. பிப்ரவரி 11 அன்று நடுவண் அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் அளித்ததும், அன்றிரவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் ஆங்கிலம் தொடரும் என்று வாக்களித்ததும், மாணவர் முழக்கத்தோடு மக்கள் துன்பமும் சேர்ந்துகொண்டதன் விளைவுகள். மாணவர் குழு தன் போராட்டத்தை முதலில் ஒத்திவைத்து, பின்னர் முறைப்படி விலக்கிக்கொண்டது. கட்டுமீறிப் போன வன்முறை அக்குழுவின் கையில் இருக்கவில்லை என்பதும் உண்மை. மாணவரும் மக்களும் இணைந்தபோது கிடைத்த ஆற்றலுக்கு ஈடான ஒழுங்கமைப்பு அன்று உருவாகியிருக்கவில்லை.

1967 தேர்தலில் விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 வாக்கு வேறுபாட்டில் கு. காமராசரைத் தோற்கடித்தார், தி.மு.க. ஆட்சி அமைத்தது. 1968 ஜனவரி 23 அன்று தமிழும் ஆங்கிலமும் மட்டுமே பள்ளிகளில் கற்பிக்கப்படும் என்ற இருமொழிக் கொள்கைத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1938இல் தங்கசாலைப் பள்ளி வாயிலில் எழுந்த கோரிக்கை முப்பதாண்டுகளுக்குப் பின் அரசின் கொள்கையாயிற்று.

தலைவர்கள் ஏறினர், களம் தேய்ந்தது

1967க்குப் பின் மாணவர் தலைவர்களுள் பலர் சட்டமன்றத்துக்கும் அமைச்சரவைக்கும் சென்றனர். அது அவர்கள் உழைப்புக்குக் கிடைத்த உரிய இடமே. ஆனால் கட்சிகள் தத்தம் மாணவர் அணிகளை வலுப்படுத்திக்கொண்டபோது, 1965இல் காணப்பட்ட தற்சார்பான மாணவர் அமைப்பு மெல்ல மறைந்தது. மாணவர் ஆதரவோடு ஆட்சிக்கு வந்தவர்களும் மாணவர் எதிர்ப்பைப் பொறுத்துக்கொள்ளவில்லை. முதலமைச்சர் கருணாநிதிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கப்பட்டதை எதிர்த்து 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த போராட்டத்தின்போது மாணவர் உதயகுமார் இறந்தது அக்காலத்தின் ஆறாத வடு. பின்னர் கல்லூரிப் பேரவைத் தேர்தல்கள், அதாவது மாணவர்கள் தம் பிரதிநிதிகளை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை, தமிழகத்தில் பரவலாக வழக்கொழிந்தன. லிங்டோ குழுவின் பரிந்துரைகளை ஏற்று, மாணவர் தேர்தல்களை நெறிப்படுத்தி நடத்துமாறு 2006இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரும் பெரும்பாலான கல்லூரிகளில் அது உயிர்பெறவில்லை.

வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வழி அடைபட்ட இடத்தில் வேறு வகைக் குழுக்கள் தோன்றின. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, எண்ணூர் பக்கமிருந்து மின்சார ரயிலிலும், திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து மாநகரப் பேருந்திலும் நகருக்குள் படிக்க வரும் மாணவர்களிடையே வழித்தடத்தை அடிப்படையாகக் கொண்ட குழுக்களும், அவற்றுக்கு 'ரூட்டு தல' எனப்படும் தலைவர்களும் உருவாயினர். பேருந்து நாள் கொண்டாட்டங்களும், ரயில் நிலையங்களில் கல்லூரிக்கும் கல்லூரிக்கும் நடந்த மோதல்களும் செய்தித்தாள்களில் குற்றச் செய்திகளாக மட்டுமே இடம்பெற்றன. இவ்வன்முறையை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. அதில் உயிர்களும் எதிர்காலங்களும் பறிபோயின. ஆயினும் இம்மாணவர்களுள் மிகப் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் என்பதும், கூடி நிற்கும் வேட்கைக்கு முறையான அமைப்பு எதுவும் அவர்களுக்கு வழங்கப்படவில்லை என்பதும் கருதப்பட வேண்டியவை. காவல்துறைக் கண்காணிப்பு பெருகிய அளவுக்கு வாக்குப்பெட்டி பெருகவில்லை.

மீண்டும் மூலகொத்தளம்

2009 ஜனவரியில் ஈழப்போர் அதன் கொடிய கட்டத்தை எட்டியபோது, இதழாளர் முத்துக்குமார் ஜனவரி 29 அன்று சென்னை சாஸ்திரி பவன் முன் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் விட்டுச்சென்ற நீண்ட மடல் உழைக்கும் தமிழ் மக்களை விளித்துத் தொடங்கி, மாணவர்களைப் போராட்டத்தைக் கையிலெடுக்குமாறு வேண்டியது. ஜனவரி 31 அன்று கொளத்தூரிலிருந்து மூலகொத்தளம் வரை வடசென்னையின் நெடுஞ்சாலைகளின் வழியே நடந்த இறுதி ஊர்வலத்தில் மாணவர்கள் பெருமளவில் திரண்டனர். தெருவின் இருமருங்கும் உழைப்பாளர் குடும்பங்கள் நின்றன. அரசு உடனடியாகக் கல்லூரிகளைக் காலவரையின்றி மூடவும் விடுதிகளைக் காலி செய்யவும் ஆணையிட்டது. விடுதி மூடப்பட்டால் வெளியூர் மாணவர் ஊருக்குத் திரும்ப நேரும், திரும்பினால் கூட்டம் கலையும் என்பதே இத்தகைய ஆணைகளின் கணக்கு. 1965 ஜனவரி இறுதியிலும் வகுப்புகள் நிறுத்தப்பட்டன. 2013 மார்ச்சில் இலயோலாக் கல்லூரி மாணவர் எண்மர் ஈழத் தமிழருக்காகத் தொடங்கிய உண்ணாநிலை மாநிலமெங்கும் பரவியபோதும் கல்லூரிகள் மூடப்பட்டன.

ஆனால் 2013இல் கல்லூரி மூடலால் போராட்டம் ஓயவில்லை. உண்ணாநிலையில் இருந்தவர்களைக் காவல்துறை அப்புறப்படுத்திய பின் அது கல்லூரிதோறும் கிளைத்தது. நடுவண் கூட்டணி அரசிலிருந்து தி.மு.க. விலகுவதற்கும், ஈழச் சிக்கலில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றுவதற்கும் அந்த அழுத்தமே உந்துதலாயிற்று. 2017 ஜனவரியில் மெரினாவில் சல்லிக்கட்டுக்காகக் கூடிய மாணவர்களும் இளைஞர்களும் காவல்துறையால் வெளியேற்றப்பட்ட நாளில், அவர்களுக்கு அடைக்கலம் தந்தவர்கள் நடுக்குப்பத்து மீனவ மக்கள். அதற்காக அவர்கள் தாக்குதலுக்கும் பொருளிழப்புக்கும் ஆளாயினர். 1939இல் தொடங்கிய உறவு, மாணவர் முழக்கத்துக்கு உழைப்பாளர் தெரு தோள்கொடுக்கும் அந்த உறவு, கடற்கரையின் மற்றொரு முனையிலும் அறாமல் இருந்ததை அந்நிகழ்வு காட்டியது.

வரலாறு முன்வைக்கும் கடமை

இந்த உறவை அறுக்கும் போக்குகளும் இல்லாமலில்லை. 2008 நவம்பர் 12 அன்று சட்டக் கல்லூரி வாயிலில், சாதியை வேராகக் கொண்டு மாணவர்களிடையே நடந்த கொடிய மோதல், ஒற்றுமையின் பெயரால் பேசப்பட்ட மாணவர் அரசியல் சாதியை எதிர்கொள்ளத் தவறியதன் சான்று. அதன் பின் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் கல்லூரியை இடம்பெயர்க்கப் பரிந்துரைத்தது. மாணவர்களின் எதிர்ப்பையும் மீறி, 2018இல் அக்கல்லூரி பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பிரித்து அனுப்பப்பட்டது. 127 ஆண்டுகள் நகரின் நடுவே, நீதிமன்றத்துக்கும் துறைமுகத்துக்கும் அருகே இருந்த ஒரு கல்லூரி, ஊருக்கு வெளியே ஒதுங்கியது. சாதியால் எழுந்த மோதலுக்கு இடமாற்றம் மருந்தாகாது. தெருவோடு அக்கல்லூரிக்கு இருந்த தொடர்பு மட்டும் அதனால் அறுந்தது. மூலகொத்தளம் இடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் திட்டம் வந்தபோதும் எதிர்ப்பு எழுந்தது. வீடற்ற ஏழைகளுக்கு வீடும், மொழிப்போர் ஈகியரின் நினைவிடமும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்தப்படும் நிலையே வடசென்னைக்கு இழைக்கப்படும் அநீதி. இரண்டுக்கும் இடம் தேடித் தருவது அரசின் பொறுப்பு.

ஆண்டுதோறும் ஜனவரி 25 அன்று மொழிப்போர் ஈகியர் நாளில் அந்நினைவிடத்தில் மாலைகள் குவிகின்றன. எழும்பூரில் உள்ள பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கட்டடம் தாளமுத்து, நடராசன் இருவரின் பெயரையும் தாங்கியுள்ளது. இவை தேவையானவை, ஆயினும் போதுமானவை அல்ல. 1938இல் பள்ளி வாயிலுக்கு வெளியே நின்ற சமூகங்களின் பேரப்பிள்ளைகள் இன்று தியாகராயர் கல்லூரியிலும், பாரதி மகளிர் கல்லூரியிலும், வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலும், ஸ்டான்லியிலும் பயில்கின்றனர். மாணவர் என்றும் தொழிலாளர் என்றும் அன்று இரு திரளாக இருந்தவர்கள் இன்று ஒரே வீட்டில், தந்தையும் மகளுமாக, தாயும் மகனுமாக வாழ்கின்றனர். எண்ணூர் முகத்துவாரத்தின் சாம்பல் கழிவும், மணலியின் காற்றும், ஒப்பந்தத் தொழிலாளரின் கூலியும், கல்விக் கட்டணமும் இவர்களுக்குத் தனித்தனிக் கோரிக்கைகள் அல்ல.

எனவே இம்மாணவர்களுக்கு உரியது, தம் பேரவையைத் தாமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை. சாதியையும் வழித்தடத்தையும் கடந்து கூடிப் பேசும் மன்றம். தம் தெருவின் சிக்கலைத் தம் கல்லூரியில் விவாதிக்கும் துணிவுக்குத் தண்டனை இல்லை என்ற உறுதி. வடசென்னையின் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் நேர்மையான பேரவைத் தேர்தலை முறையாக நடத்துவதிலிருந்து இதைத் தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை, 2006ஆம் ஆண்டின் ஆணையை மனமாரச் செயல்படுத்தினாலே போதும். 1939இல் மூலகொத்தளத்தில் அடக்கமானவர்கள் பிறருடைய பிள்ளைகளின் கல்விக்காகச் சிறை சென்றவர்கள். அப்பிள்ளைகள் கல்லூரிக்குள் வந்துவிட்டனர்; அங்கே அவர்கள் குரலோடும் வாக்கோடும் இருக்கும்படி செய்வதே அந்த ஈகத்துக்குச் செலுத்த வேண்டிய கடன்.

(தொடரும்)